குதிரையை விடுங்கள், நாய் மேல் ஏறுங்கள்: ஹாஃப்லிங் ரேஞ்சர் பற்றி ஒரு பதில்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, டைஸ் உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. அதில் டிஎம் (டஞ்சன் மாஸ்டர்) கதையை நடத்துபவர், ஹாஃப்லிங் ஒரு குள்ள இனம், ரேஞ்சர் காட்டில் திரியும் போர்வீரர். பெங்களூர் மாரத்தஹள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பிக்கிறேன். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், 2020-இல் வந்த துணைநூலுக்கும் அனுமதி உண்டு. மூன்றாம் லெவலில் தொடக்கம். நாய் மேல் ஏறி வருகிற குட்டி ஹாஃப்லிங் ரேஞ்சர் செய்ய ஆசை. டிஎம் 'பேசாமல் ஒரு குதிரை வாங்கிக்கோ' என்கிறார். இன்னொருவர் குள்ளமான ஆள் சண்டையில் எடுபடாது என்கிறார். நான் என்ன செய்யட்டும்?"

தம்பி, நாயையே எடுங்கள். உங்கள் ஆசை அழகானது மட்டுமில்லை, கணக்குப்படியும் சரியானது. ஆனால் ஒரு விஷயம்: இந்த மாதிரி ஆளை உருவாக்கும்போது எல்லோரும் முதலில் ரேஞ்சரை எழுதிவிட்டுக் கடைசியில் வாகனத்தைச் சேர்ப்பார்கள். நீங்கள் வாகனத்திலிருந்து தொடங்குங்கள். ஆயுதம், ஸ்பெல் (மந்திரம்), ஃபீட் (சிறப்புத் திறன்) எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஏறிச் செல்லும் விலங்கு, ஏறுபவரைவிட ஓர் அளவாவது பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. நம் பிள்ளையார் மூஞ்சூறு மேல் உட்காருவது இந்த ஆட்டத்தில் நடக்காது. மனிதரும் எல்ஃபும் மீடியம் அளவு, ஆகவே அவர்களுக்கு லார்ஜ் அளவு விலங்கு வேண்டும், அதாவது குதிரை. ஹாஃப்லிங்கும், இன்னொரு குள்ள இனமான நோமும் ஸ்மால் அளவு என்பதால் அவர்களுக்கு மீடியம் விலங்கே போதும்: நாய், ஓநாய், மட்டக்குதிரை.

இந்த ஓர் அளவு வித்தியாசம் ஆட்டத்தையே மாற்றிவிடும். குதிரை வரைபடத்தில் 10 அடிக்கு 10 அடி இடம் பிடிக்கும், அதாவது நாலு கட்டம். மீடியம் விலங்கு உங்களையும் சுமந்துகொண்டு ஒரே கட்டத்தில் நிற்கும். 5 அடி அகலப் பாதையில் குதிரை உடம்பை நெருக்கிக்கொண்டுதான் போக முடியும். அப்படிப் போகும்போது வேகம் பாதியாகும், அதன் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுப்பது), எதிரி அதைத் தாக்கினால் அட்வான்டேஜ் (கூடியதை எடுப்பது). ஏணி, கயிறு, கிணறு என்று வந்தால் அதுவும் இல்லை. குதிரை வெளியே மரத்தில் கட்டிக் கிடக்கும், உங்கள் ரேஞ்சர் நடந்து போவார்.

அல்சூரில் எங்கள் குழுவில் டிஎம்மாக இருக்கும் நண்பர் கோலார் தங்கவயல்காரர். அவருடைய தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுமார் 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிய சுரங்கம் அது, 2001-இல் மூடினார்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகளிலிருந்துதான் அவர் தன் நிலவறைகளை வரைவார்: குனிந்து போகும் வழி, செங்குத்தாக இறங்கும் குழி, மரக்கட்டை முட்டுக்கொடுத்த திருப்பம். அந்த வரைபடத்தில் குதிரையோடு வந்த நைட் (குதிரைவீரர்) ஒருவர் மூன்று வாரம் குதிரையைத் தொடவே இல்லை. என் நோம், நாயை விட்டு இறங்காமல் கடைசி அறை வரை போனது. டிஎம் காட்டையும் வெட்டவெளியையும் மட்டுமே வரைபவராக இருந்தால் குதிரை பரவாயில்லை. அப்படிப்பட்ட டிஎம்மை நான் பார்த்ததில்லை.

சரி, எந்த நாய்? இங்கேதான் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். என் முதல் நோமுக்கு, பொருள் பட்டியலில் இருக்கும் மாஸ்டிஃப் நாயை 25 தங்கக் காசு கொடுத்து வாங்கினேன். வேகம் 40 அடி, நல்ல மோப்பம், எல்லாம் சரி. ஆனால் அதற்கு 5 ஹிட் பாயிண்ட்தான் (உயிர்ப் புள்ளி). முதல் சண்டையிலேயே காப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்று விட்ட அம்பு நாய் மேல் பட்டது, அவ்வளவுதான். அதற்குப் பேர் வைத்திருந்தேன். மேசையில் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. காசு கொடுத்து வாங்கும் விலங்கு லெவல் ஏற ஏற வளராது, நீங்கள் மட்டும்தான் வளர்வீர்கள். 11 ஹிட் பாயிண்ட் உள்ள மட்டக்குதிரையும் அதே கதைதான்.

ஆகவே மூன்றாம் லெவலில், ரேஞ்சருக்கு விலங்குத் துணை தரும் பீஸ்ட் மாஸ்டர் வழியை எடுங்கள். 2014 புத்தகத்தில் இருப்பது போல இல்லாமல், 2020 துணைநூல் தரும் பிரைமல் கம்பானியனாக எடுங்கள். பழைய முறையில் விலங்கு தாக்க வேண்டுமென்றால், ஒரு சுற்றில் உங்களுக்குள்ள முக்கியச் செயலான ஆக்‌ஷனையே கொடுக்க வேண்டும். மூன்றாம் லெவலில் அப்படிக் கொடுத்துவிட்டால் நீங்கள் அந்தச் சுற்றில் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். புதிய முறையில், அதோடு கூடக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். அதைவிட முக்கியமானது, நீங்கள் எதுவும் கட்டளையிடாத சுற்றில் விலங்கு தானாக நகரும், தானாகவே டாட்ஜ் செய்யும். அப்போது அதைத் தாக்குகிறவருக்கு டிஸ்அட்வான்டேஜ். முதுகில் ஆளைச் சுமக்கும் விலங்குக்கு இதைவிட நல்ல பழக்கம் வேறென்ன வேண்டும்?

அதில் மூன்று வகை உண்டு. வானத்து வகை ஸ்மால் அளவு, அதனால் ஏற முடியாது. பறக்கலாம் என்று நினைத்து எடுத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். நீர் வகை மீடியம்தான், ஆனால் தரையில் 5 அடிதான் நகரும். ஆற்றையோ ஏரியையோ கடக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு, நீண்ட ஓய்வு முடிந்ததும் அதை வரவழைத்துக்கொள்ளலாம். மற்ற நாளெல்லாம் உங்களுக்கு நில வகைதான். வேகம் 40 அடி, ஏறும் வேகமும் 40 அடி. கிணற்றுச் சுவரிலும் பாறை முகட்டிலும் உங்களோடு ஏறும். ஸ்ட்ரென்த் (பலம்) 14 என்பதால் சுமார் 95 கிலோ சுமக்கும். ஹாஃப்லிங் எடை ஏறத்தாழ 18 கிலோ. கவசம், கேடயம், மூட்டை எல்லாம் சேர்த்தாலும் அதற்குப் பாரமே தெரியாது.

இனி உங்கள் ஆள். நில விலங்கு தாக்கும்போது உங்கள் ஸ்பெல் அட்டாக் எண்ணைத்தான் பயன்படுத்துகிறது, அதாவது உங்கள் விஸ்டம் (கூர்ந்த அறிவு). பலர் இதைக் கவனிக்காமல் டெக்ஸ்டெரிட்டியை (சுறுசுறுப்பை) மட்டும் ஏற்றி, நாய் பாதி நேரம் குறி தவறுகிறதே என்று வருத்தப்படுகிறார்கள். துணைநூல் அனுமதி இருப்பதால் ஹாஃப்லிங்குக்குக் கிடைக்கும் +2, +1 இரண்டையும் இடம் மாற்றலாம். விதிநூல் தரும் எண் வரிசையில் 15-ஐ டெக்ஸ்டெரிட்டிக்கும் 14-ஐ விஸ்டமுக்கும் வையுங்கள், பிறகு +1 முதலாவதுக்கு, +2 இரண்டாவதுக்கு. இரண்டுமே 16 ஆகிவிடும். 13 கான்ஸ்டிட்யூஷனுக்கு (உடல் உறுதிக்கு). மற்றதை உங்கள் கதைக்கு எது பொருந்துமோ அப்படிப் போடுங்கள்.

இந்தக் கணக்கில் மூன்றாம் லெவலில் உங்களுக்கு 25 ஹிட் பாயிண்ட், நாய்க்கு 20. நாயின் ஆர்மர் கிளாஸ் (அதன் மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 15. உங்களுக்கு ஸ்டடட் லெதரும் கேடயமும் சேர்ந்து 17. ஒரு காப்ளின் அம்புக்குச் சாகிற நாய் இல்லை இது.

ஹாஃப்லிங்கா, நோமா என்று தயங்கினால் இந்தப் பாணிக்கு ஹாஃப்லிங்கைச் சொல்வேன். 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற அதிர்ஷ்டம் அதற்கு உண்டு. நீங்கள் ஏறியிருக்கும்போது யாராவது உங்கள் விலங்கை அதன் விருப்பத்துக்கு மாறாகத் தள்ளினால், டெக்ஸ்டெரிட்டி சேவில் (தப்பிக்க உருட்டும் டைஸில்) 10 எடுக்காவிட்டால் கீழே விழுவீர்கள். ரேஞ்சருக்கு அந்தச் சேவில் தேர்ச்சி இருக்கிறது, மொத்தம் +5. டைஸில் 5 விழுந்தாலே போதும். 1 வந்தால் இன்னொரு வாய்ப்பு. சேணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருப்பீர்கள். காட்டு நோம் விலங்குகளோடு பேசுமே என்று கேட்பீர்கள். அந்தத் திறன் ஸ்மால் அல்லது அதற்கும் சிறிய விலங்குகளுக்கு மட்டும்தான், மீடியம் நாயிடம் செல்லாது. பேச ஆசையாக இருந்தால் துணைநூலில் ரேஞ்சருக்கு விருப்பத் தேர்வாக இருக்கும் பிரைமல் அவேர்னஸை எடுங்கள். விலங்குகளோடு பேசும் ஸ்பெல்லை நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை ஸ்லாட் (ஸ்பெல் போடும் வாய்ப்பு) செலவில்லாமல் போடலாம்.

ஆயுதத்துக்கு வருவோம். ரேஞ்சர் என்றதும் எல்லோரும் லாங்போவை (நெடுவில்லை) நீட்டுவார்கள். 2014 விதியில் அது கனமான ஆயுதம், ஸ்மால் அளவு ஆட்களுக்கு எப்போதும் டிஸ்அட்வான்டேஜ். வில் வேண்டுமென்றால் ஷார்ட்போ: 80 அடி வரை ஒழுங்காக எய்யலாம், அதற்கு மேல் 320 வரை தடுமாற்றத்தோடு. லான்ஸ் ஈட்டி ஏறிச் செல்பவருக்கே செய்த ஆயுதம், ஏறியிருக்கும்போது ஒரு கையில் பிடிக்கலாம், 1டி12 (12 முக டைஸ் ஒன்று) அடி. ஆனால் அது ஸ்ட்ரென்த் கேட்கும், 5 அடிக்குள் இருக்கும் எதிரியைக் குத்தினால் டிஸ்அட்வான்டேஜ். உங்கள் எண்களுக்கு அது ஒத்துவராது. ஆகவே ரேப்பியர் வாள், கேடயம், டூயலிங் சண்டைப் பாணி. ஒரு அடிக்கு 1டி8+5.

வில்லை விட்டுவிட்டு வாளா என்று முகம் சுளிக்காதீர்கள், காரணம் நாயிடம் இருக்கிறது. நில விலங்கு 20 அடி நேராக ஓடிப் பாய்ந்து தாக்கினால் கூடுதலாக 1டி6 சேதம். எதிரி உங்கள் ஸ்பெல் சேவ் எண்ணான 13-ஐ ஸ்ட்ரென்த்தால் எட்டாவிட்டால் கீழே விழுவான். விழுந்து கிடப்பவனை 5 அடிக்குள் இருந்து தாக்கினால் அட்வான்டேஜ், தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ். நாய் பக்கத்தில் நிற்கிறது, நீங்கள் அதன் மேல் இருக்கிறீர்கள். வாளை ஓங்கினால் இரண்டு டைஸ் உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். கையில் வில் இருந்தால், அருகில் எதிரி இருக்கும்போது எய்வதால் வரும் தடங்கல் அந்த அட்வான்டேஜை அழித்துவிடும். பாய்கிற நாய் மேல் வில்லோடு உட்கார்ந்தால் நாயின் உழைப்பு வீணாகிறது.

ஆக, ஒரு சுற்று இப்படி இருக்கும். நாய் 20 அடிக்குக் குறையாமல் நேராக ஓடுகிறது, போனஸ் ஆக்‌ஷனில் "பிடி" என்கிறீர்கள், அது தாக்குகிறது: 1டி8+4, பாய்ச்சலுக்கு 1டி6. சராசரியாக 12. எதிரி விழுந்தால் உங்கள் வாள் அட்வான்டேஜோடு இறங்குகிறது, சராசரி 9 அல்லது 10. மூன்றாம் லெவலுக்கு இது பெரிய அடி. குள்ளமான ஆள் எடுபடாது என்று சொன்ன நண்பரை அந்தச் சுற்றில் சேதத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

ஹண்டர்ஸ் மார்க் என்ற ஸ்பெல் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். அது எல்லா ரேஞ்சருக்கும் உயிர்நாடி மாதிரி எழுதுவார்கள். ஆனால் அதற்கும் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், நாய்க்குக் கட்டளையிடவும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான். மார்க் போடும் சுற்றில், உங்கள் சொந்த அடியை விட்டுக்கொடுத்தால் ஒழிய நாய் தாக்காது. மார்க் ஓர் அடிக்கு 1டி6 தான் தரும். சின்னச் சண்டையில் முதல் சுற்றைப் பாய்ச்சலுக்குக் கொடுங்கள். நீளமான சண்டையில், பெரிய எதிரி ஒருவனே இருக்கும்போது, பாய்ச்சலுக்கு இடமில்லாத சுற்றில் மார்க் போடுங்கள், அந்தச் சுற்றில் நாய் டாட்ஜ் செய்துகொள்ளும்.

மூன்றாம் லெவலில் மூன்று ஸ்பெல், மூன்று ஸ்லாட். மார்க் ஒன்று. லாங்ஸ்டிரைடர் ஒன்று, அதை நாய் மேல் போடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு வேகம் 50 அடி. மூன்றாவது குட்பெர்ரி: 10 பழம், பழத்துக்கு ஒரு ஹிட் பாயிண்ட், நாய்க்கும் ஊட்டலாம். ஆனால் ஒரு ஸ்லாட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள். நாய் இறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதைத் தொட்டு ஒரு ஸ்லாட் செலவழித்தால், ஒரு நிமிடத்தில் முழு ஹிட் பாயிண்டோடு எழுந்துவிடும். அன்று என்னிடம் இந்த வழி இருந்திருந்தால் அந்த மாஸ்டிஃப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

நாலாம் லெவலில் மௌண்டட் காம்பாட்டன்ட் என்ற ஃபீட்டைப் பற்றி யோசிப்பீர்கள். அதன் முதல் பலன், உங்கள் வாகனத்தைவிடச் சிறிய, எதன் மேலும் ஏறாத எதிரியை வாளால் தாக்கினால் அட்வான்டேஜ் என்பது. குதிரைக்காரருக்கு இது வரம், மனிதர் முதல் ஆர்க் வரை எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள். மீடியம் நாய் மேல் இருப்பவருக்கு ஸ்மால் எதிரிகள் மட்டும்தான், காப்ளினும் கோபால்டும் போல. இதைப் பார்த்துவிட்டு ஃபீட்டே வேண்டாம் என்று விடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், மற்ற இரண்டு பலன்களுக்காகவே எடுக்கலாம். வாகனத்தைக் குறிவைத்த தாக்குதலை உங்கள் மேல் திருப்பிக்கொள்ளலாம், உங்கள் ஆர்மர் கிளாஸ் நாயுடையதைவிட அதிகம். பாதிச் சேதம் தரும் டெக்ஸ்டெரிட்டி சேவில் நாய் வென்றால் சேதமே இல்லை, தோற்றால் பாதி. ஐந்தாம் லெவலில் எதிரி மந்திரவாதி ஃபயர்பால் எறிவார், 8டி6, சராசரி 28. அப்போது நாய்க்கு மொத்தமே 30 இருக்கும். இந்த ஃபீட் இருந்தால் நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. எட்டாம் லெவலில் எண்களை ஏற்றிக்கொள்ளலாம், அவசரமில்லை.

ஆட உட்காருவதற்கு முன்னால் டிஎம்மிடம் ஒன்றை மட்டும் கட்டாயம் கேட்டுவிடுங்கள். ஏறியிருக்கும்போது நாய் கம்பானியன் விதிப்படி நடக்குமா, அல்லது கட்டுப்படுத்திய வாகன விதிப்படியா? இரண்டாவது என்றால் அது டேஷ் (கூடுதலாக ஓடுவது), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது), டாட்ஜ் மூன்றுதான் செய்யும், தாக்காது. நான் மேலே சொன்ன பாய்ச்சல் முழுக்க முதல் விதியை நம்பி நிற்கிறது. அது உங்கள் கட்டளையைக் கேட்டு நடக்கும் துணை, சந்தையில் வாங்கிய விலங்கு இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலான டிஎம்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் திட்டத்தை மாற்றுங்கள்: ஷார்ட்போ, ஆர்ச்சரி பாணி. நாய் ஓடிக் கிட்டே போய், நீங்கள் எய்து, அது டிஸ்எங்கேஜ் செய்து விலகி ஓடும். அதுவும் நல்ல ஆட்டம்தான், வேறு மாதிரி.

அப்புறம், ஏறவும் இறங்கவும் உங்கள் வேகத்தில் பாதி செலவாகும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாய் கால் இடறி விழுந்தால், சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் உடனடிப் பதில் செயலான உங்கள் ரியாக்‌ஷனைச் செலவழித்து நின்றபடி இறங்கலாம், அதனால் ரியாக்‌ஷனை வேறு எதற்கும் சும்மா கரைக்காதீர்கள்.

கடைசியாக, நாயின் உருவம். பிரைமல் கம்பானியன் எந்த விலங்கு மாதிரி இருக்கும் என்பதை நீங்களே சொல்லலாம், எண்கள் மாறாது. என்னிடம் கேட்டால் ராஜபாளையம் என்பேன்: முழு வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால். கொஞ்சம் மெலிந்து வேகமாக வேண்டுமா, சிப்பிப்பாறை. காவல்காரத் தோற்றம் வேண்டுமா, கோம்பை. பெங்களூரில் ஆடுவதால் கன்னட நண்பர்களும் இருப்பார்கள், முதோள் என்றால் அவர்கள் முகம் மலரும். ரேஞ்சர் என்ற பேரைக் கேட்டதும் நம் ஊரில் வனச்சரகர்தான் நினைவுக்கு வருவார், ஆனால் எனக்கு இந்த ஆளைப் பார்த்தால் ஊர் எல்லையில் ராத்திரி காவல் சுற்றும் அய்யனார் ஞாபகம்தான். உங்கள் ஹாஃப்லிங்குக்கு ஓர் ஊரைக் கொடுங்கள், அந்த ஊருக்கு ஓர் எல்லையைக் கொடுங்கள், அவன் ஏன் அதை விட்டு வெளியே வந்தான் என்று டிஎம்மிடம் சொல்லுங்கள்.

மினியேச்சர் பொம்மை வாங்கச் செலவு செய்ய வேண்டாம். ஒரு கேரம் காய் நாய், அதன் மேல் ஒரு சட்டைப் பொத்தான் நீங்கள். இறங்கும்போது பொத்தானை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தால் போதும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக் காயாக எடுத்தால் ராஜபாளையத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.